இடது பக்கத்து ஸ்பிரிங்

மகனே,

நீ ஊர் போய்ச் சேர்ந்ததும் எழுதிய கடிதம் கிடைத்தது. வெயில் மெட்ராஸைவிட மோசம், சாப்பாடு பரவாயில்லை, வேலைக்குப் போய்வர ஒரு வண்டி கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். நான் எப்படி இருக்கிறேன் என்றும் கேட்டிருந்தாய். அதற்குப் பதில் இந்தக் கடிதம் முழுவதும் இருக்கிறது. படித்த பிறகு அந்தக் கேள்வியை மறுபடி கேட்க உனக்குத் தோன்றுமா என்று தெரியவில்லை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது உன் கைக்கு வருவதற்கு முன்னால் உன் கஸ்தூரி அத்தையின் கைக்குப் போகிறது. உறையை ஒட்டாமல்தான் கொடுக்கப் போகிறேன். நான் எதையும் மறைக்கவில்லை என்று அவள் படித்துப் பார்த்துவிட்டு அவளே தபாலில் சேர்ப்பாள். எங்களுக்குள் அப்படித்தான் பேச்சு. அத்தை வீட்டோடு நமக்குப் பேச்சுவார்த்தையே கிடையாதே என்று நீ நினைப்பாய். பத்து வருஷமாகக் கிடையாதுதான். அது ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ புறப்படுவதற்கு முந்தின நாள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய். அந்த ஊரில் ரோடெல்லாம் அகலமாம், வண்டிகள் பறக்குமாம், பார்த்து ஓட்டு என்று நான் சொன்னேன். நீ சட்டையை மடித்தபடியே, "கவலைப்படாதீங்கப்பா, நான் ஒண்ணும் ஏழுமலை மாமா மாதிரி இல்ல" என்றாய். நான் எழுந்து வாசலில் போய் நின்றேன். நீ பின்னாலேயே வந்து, "சாரிப்பா, அம்மா ஞாபகம் வந்துடுச்சா? வாய் தவறிச் சொல்லிட்டேன்" என்றாய். வாய் தவறி ஒன்றும் சொல்லவில்லை. இந்த வீட்டில் எல்லோரும் நம்பியதைத்தான் சொன்னாய். உன் அம்மாவும் அதை நம்பித்தான் போன வருஷம் கண்ணை மூடினாள். நம்பவைத்தவன் நான்.

ஏழுமலை உன் அம்மாவுக்கு ஒரே தம்பி. மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் கைவண்டி இழுத்துக்கொண்டிருந்தவனை நான்தான் நம் மெக்கானிக் ஷெட்டுக்குக் கூட்டிவந்து வண்டி ஓட்டப் பழக்கினேன். ஸ்டியரிங்கைப் பிடித்த பத்தாவது நாளே அவன் என்னைவிட நன்றாக ஓட்டினான். அவனுக்கு வாய் ஜாஸ்தி. பீச் ரோட்டில் ஒரு தடவை பஸ்ஸோடு போட்டி போட்டு போலீஸில் மாட்டியிருக்கிறான். அப்போது அவனுக்கு இருபது வயசு, கல்யாணம் ஆகவில்லை. பிறகு தி.நகரில் ஒரு நகைக்கடைக்காரர் வீட்டில் டிரைவர் வேலை கிடைத்தது. பங்களாவுக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்தார்கள். கல்யாணமாகிக் கஸ்தூரி வந்தாள், மல்லிகா பிறந்தாள். அதற்கப்புறம் அவன் ஓட்டுவதைப் பார்த்தால் தயிர்ப்பானையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவன் மாதிரி இருக்கும். ஆனால் ஊர் ஞாபகம் வைத்திருந்தது அந்த பஸ் கதையைத்தான். நானும் அதைத்தான் பயன்படுத்திக்கொண்டேன்.

அந்த வீட்டுச் சின்ன முதலாளிக்கு வண்டிப் பைத்தியம். ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடமிருந்து அமெரிக்க வண்டி ஒன்றை வாங்கினார். இரண்டே கதவு, நம் வீட்டைவிட நீளம், கறுப்பு நிறம். ஏழுமலை அதற்கு 'எரும' என்று பேர் வைத்தான். அதில் இருந்தது ஆறு சிலிண்டர் எஞ்சின். சின்ன முதலாளிக்கு அது போதவில்லை. பம்பாயில் எங்கோ மோதி நொறுங்கிய இன்னொரு வண்டியிலிருந்து எட்டு சிலிண்டர் எஞ்சினை லாரியில் வரவழைத்தார். அதை இறக்கி மாட்டும் வேலை ஏழுமலையின் சிபாரிசில் மந்தைவெளியில் இருந்த நம் ஷெட்டுக்கு வந்தது. அதுவரைக்கும் டாக்ஸியும் டெலிவரி வேனும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எஞ்சினை முதல் தடவை ஸ்டார்ட் பண்ணியபோது பக்கத்து வீட்டு ஓடு அதிர்ந்தது. நீ ஸ்கூல் பையோடு ஓடிவந்து காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

ஆனால் கனமான எஞ்சின் ஏறியதும் வண்டி முன்பக்கம் குனிந்துவிட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசியது. முன்பக்கத்து இரண்டு காயில் ஸ்பிரிங்கையும் மாற்றியாக வேண்டும். அமெரிக்காவிலிருந்து வரவழைக்க லைசென்ஸ் கிடைக்காது. பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டையில் நாலு நாள் தேடினேன். வேறொரு பெரிய வண்டியின் ஜோடி கிடைத்தது. தரையில் நிறுத்திப் பார்த்தால் ஒன்று இன்னொன்றைவிட விரல்கடை குட்டையாக இருந்தது. ரெண்டும் ஒரே மாதிரி இல்லையென்றால் வண்டி ஒரு பக்கமாகச் சாயும் என்று சொல்லி, வாங்காமல் வந்துவிட்டேன். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், எனக்குச் சரியாகச் செய்யத் தெரியும் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் செய்தவன் இல்லை நான்.

ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை முதலில் தெரிய வேண்டியது பாரம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சைதாப்பேட்டையில் விறகு லாரிகளை எடை போடுகிற மேடைக்கு நானும் ஏழுமலையும் அந்த வண்டியை ஓட்டிப் போனோம். முன்சக்கரங்கள் இரண்டை மட்டும் மேடையில் ஏற்றி நிறுத்தினோம். எடை போடுகிறவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "இன்னா நைனா, விறகு எங்க கீது?" என்றார். "மூஞ்சில மட்டும் எவ்ளோ பாரம்னு பாருங்க, பின்னாடி வேணாம்" என்று ஏழுமலை சொன்னான். கூட்டம் சிரித்தது. அந்த எடையையும், பழைய ஸ்பிரிங்கின் கம்பித் தடிமனையும், எத்தனை சுற்று என்பதையும் எழுதிக்கொண்டு அங்கேயே சந்தைக்குப் பின்னால் இருந்த ஸ்பிரிங் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். லாரிக்கும் ரயிலுக்கும் ஸ்பிரிங் சுற்றியவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "பாரத்துக்குத் தாங்குற மாதிரி சுத்திக் குடுத்துர்றேன். எவ்ளோ உசரம் நிக்கும்ன்றது மட்டும் மாட்டிப் பாத்தாதான் தெரியும். உசரமா நின்னா எடுத்துக்கினு வா, வேற சுத்தித் தரேன். நாலு நாள் ஆவும். நெருப்பு மட்டும் காட்டாத நைனா" என்றார். ஏழுமலை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

பாய் சுற்றிக் கொடுத்த ஸ்பிரிங் அருமையாக இருந்தது. மாட்டினேன். டயர் உரசவில்லை. பள்ளத்தில் இறங்கினாலும் வண்டி ஆடாமல் போனது. ஆனால் முன்பக்கம் மூன்று விரல் உயரமாக நின்றது. சின்ன முதலாளி வந்து பார்த்தார். கையில் வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து கிழித்த படம் ஒன்று இருந்தது. அதில் இதே மாதிரி வண்டி ஒன்று மூக்கைத் தரையில் புதைத்துக்கொண்டு பாயப் போகிற மாதிரி நின்றது. "எஞ்சின் பிரமாதம் அண்ணாச்சி. ஆனா வண்டி மூக்கைத் தூக்கிக்கிட்டுல்லா நிக்கி? நாளைக் கழிச்சு தங்கச்சிக்கு மாப்பிள்ளை அழைப்பு. ஊர்ல உள்ள அத்தனை பேரும் வருவாங்க. இதுலயா மாப்பிள்ளைய உக்கார வைக்கது?" என்றார். நாலு நாள் கொடுங்கள், வேறு ஸ்பிரிங் சுற்றி வாங்கி மாட்டிவிடுகிறேன் என்றேன். "முடியலைன்னா சொல்லிருங்க. மவுண்ட் ரோட்டுல செய்து தர ஆள் இருக்கு" என்றார்.

பிழைப்புக்காகச் செய்தேன், முதலாளிக்குப் பயந்து செய்தேன் என்று எழுதலாம். பொய். அவர் வேறு ஆளைத் தேடிப் போயிருந்தாலும் நமக்குச் சோற்றுக்குப் பஞ்சம் வந்திருக்காது. முடியாது என்று நான் சொன்னதாக மவுண்ட் ரோட்டில் பேச்சு வருமே என்று இருந்தது. அந்த ஊர்வலத்தில் அந்த வண்டி போகும்போது யார் செய்த வேலை என்று நாலு பேர் கேட்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான். "சாயங்காலம் வந்து எடுத்துக்கங்க" என்றேன்.

சக்கரத்தைக் கழற்றி, ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் இரும்புக் கைக்கு அடியில் ஜாக்கி கொடுத்துவிட்டு, கேஸ் வெல்டிங் நெருப்பை ஸ்பிரிங்கின் நடுச்சுற்றுகளில் காட்டினேன். இரும்பு சிவந்தது. வண்டியின் சொந்தப் பாரத்தில் அது மெல்ல அமுங்கியது. வலது பக்கம் நான் நினைத்த இடத்தில் வந்து நின்றது. இடது பக்கம் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனது. நிறுத்த வேண்டுமே என்ற அவசரத்தில் பக்கத்தில் இருந்த குவளைத் தண்ணீரை அதன் மேல் ஊற்றினேன். சுர்ரென்று ஆவி வந்தது. இறங்குவது நின்றது. சிவந்த ஸ்பிரிங்கில் தண்ணீர் பட்டால் அது கண்ணாடி மாதிரி ஆகிவிடும், எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு வருஷம் ஷெட்டில் வேலை பார்த்தவனுக்குக்கூட இது தெரியும். ஏழுமலை சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். "நெருப்புக் காட்ட வேணாம்னு பாய் சொன்னாரே மாமா?" என்றான். "அவருக்கு இன்னொரு ஜோடி சுத்தினா வியாபாரம் ஆவும். அதான் சொல்லுவாரு" என்றேன். அவன் சிரித்துவிட்டான். நான் சொன்னால் அவனுக்குச் சரி.

மாப்பிள்ளை அழைப்பு உனக்கு ஞாபகம் இருக்கும். பாண்டி பஜார் முனையில் நீயும் நானும் உன் அம்மாவும் நின்று பார்த்தோம். பூச்சரம் தொங்க, மூக்கைத் தாழ்த்திக்கொண்டு அந்தக் கறுப்பு வண்டி நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஊர்ந்து வந்தது. ஏழுமலை வெள்ளை யூனிபாரத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். உன்னைப் பார்த்ததும் ஒரு கண்ணைச் சிமிட்டினான். உன் அம்மா, "என் தம்பியைப் பாருங்க, மாப்பிள்ளையவிட அவன்தான் எடுப்பா கீறான்" என்றாள். யார் செய்த வேலை என்று நான் ஆசைப்பட்டபடியே இரண்டு பேர் கேட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு மத்தியானம். ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் தனியாக டிபன் கேரியரைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். வெளியே அந்த எஞ்சின் சத்தம் கேட்டது. ஏழுமலை உள்ளே வந்து எதிரில் குந்தினான்.

"மாமா, எரும சரியில்ல. பிரேக் அடிச்சா லெஃப்ட்ல டொக்குனு ஒரு சத்தம் வருது. அந்தப் பக்கம் கொஞ்சம் இறங்கின மாதிரியும் கீது."

"புது ஸ்பிரிங்கு அப்படித்தான் கொஞ்ச நாள் சத்தம் போடும். செட் ஆயிடும்."

"கழட்டி ஒரு தபா பாத்துடேன். எனக்கு இன்னாமோ மாதிரி கீது."

"ஞாயித்துக்கெழம எடுத்துக்கினு வா, பாக்கலாம். அதுவரைக்கும் ஓட்டு, ஒண்ணும் ஆவாது."

"நீ சொன்னா சரி மாமா" என்று என் தட்டிலிருந்து ஒரு முருங்கைக்காய்த் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டான். வேலை அதிகமாக இருந்ததால் நான் பார்க்காமல் விடவில்லை. அன்றைக்கு ஷெட்டில் ஒரே ஒரு வண்டிதான் நின்றது. கழற்றினால் என்ன தெரியும் என்று எனக்குப் பயம். தெரிந்துவிட்டால் சின்ன முதலாளியிடம் போய், நான் செய்தது தப்பு, வண்டியை நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எனக்கு நேரம் தேவைப்பட்டது. உனக்குக் கீழேயும் இப்போது ஆட்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவன் வந்து சத்தம் வருகிறது என்று சொன்னால், அவனுக்குப் பதில் சொல்லாதே. எழுந்து போய்ப் பார். பார்த்துவிட்டு வந்து பதில் சொல்.

மூன்றாம் நாள் காலையில், திருவான்மியூர் கோயிலுக்குப் போயிருந்த முதலாளி வீட்டுப் பெரிய அம்மாவைக் கூட்டிவர ஏழுமலை தனியாகக் கிளம்பினான். அடையாற்றின் பழைய பாலம் குறுகல் என்று உனக்குத் தெரியும். பாலம் ஆரம்பிக்கிற இடத்தில் ரோட்டுக்கும் பாலத்துக்கும் நடுவே ஒரு மேடு இருக்கும். அதில் ஏறி இறங்கியபோது இடது பக்கத்து ஸ்பிரிங் உடைந்துவிட்டது. டயர் மட்கார்டுக்குள் போய் மாட்டிக்கொண்டது. அப்புறம் எந்த டிரைவராலும் ஒன்றும் செய்ய முடியாது. எதிரே பஸ் வந்துகொண்டிருந்தது. வண்டி பாலத்துச் சுவரில் மோதியது. ஸ்டியரிங் அவன் நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

வண்டியை இழுத்துப்போக என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் போனபோது அங்கே டீக்கடையில் நின்ற ஒருவர் போலீஸ்காரரிடம், "இன்னா சத்தம்னு நெனைக்கிறீங்க சார்? ராக்கெட்டு மாதிரி வந்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த எட்டு சிலிண்டர், ஆள் நடக்கிற வேகத்தில் போனாலும் அந்தச் சத்தம்தான் போடும். மோதிய வண்டிகளைச் சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் இன்னும் வந்து சேரவில்லை. நான் முன்சக்கரத்துப் பக்கம் குனிந்து பார்த்தேன். உடைந்த கம்பியின் முகத்தில் பாதி பளபளவென்று புதிதாக இருந்தது. மீதிப் பாதி கறுத்து, துரு ஏறியிருந்தது. அந்தக் கறுப்புப் பாதி பல நாளைக்கு முன்பே விரிசல் விட்டது. ஏழுமலை என் எதிரில் குந்தி உட்கார்ந்து சத்தம் வருகிறது என்று சொன்ன அன்றைக்கே அது அங்கே இருந்திருக்கிறது. அன்று சக்கரத்தைக் கழற்றியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

அங்கே நின்று நான் என்ன செய்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. போன வாரம் அத்தையிடம்தான் முதல் தடவை சொன்னேன். சக்கரத்து மூடியில் இருந்த கிரீஸை விரலில் எடுத்து அந்த உடைந்த முகத்தின் மேல் பூசி, பழைய விரிசல் தெரியாமல் மறைத்தேன். பிறகு இன்ஸ்பெக்டர் வந்தார். "இது எந்த ஸ்பிரிங்கு?" என்று கேட்டார். "கம்பெனி ஸ்பிரிங்தான் சார். மோதின வேகத்துல உடைஞ்சிருக்கு" என்றேன். இறந்தவனுக்கு நான் அக்கா புருஷன் என்று போலீஸ்காரர் சொன்னதும், இன்ஸ்பெக்டர் என் தோளில் கை வைத்தார். அதிவேகம் என்று எழுதிக்கொண்டு போனார். அவனுடைய சொந்தக்காரனே சொல்லும்போது அவர் ஏன் சந்தேகப்படப் போகிறார்?

பதினாறாம் நாள் காரியத்தன்று நம் வீட்டில் கூட்டமாக இருந்தது. பஸ்ஸோடு போட்டி போட்ட பழைய கதையை யாரோ எடுத்தார்கள். பெரியவர்கள் பேசுகிற நடுவில் நீ போய், "மாமா வேகமா ஓட்டவே மாட்டாரு. என்னை ஏத்திக்கினு போனா சைக்கிள்காரங்கல்லாம் எங்களைத் தாண்டிப் போவாங்க" என்றாய். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து வந்து உன் கன்னத்தில் அறைந்தேன். எதற்காக அடித்தேன் என்று நீ அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அந்தக் கூட்டத்தில் உண்மையைச் சொன்னவன் நீ ஒருவன்தான். அதற்கப்புறம் நீ மாமாவைப் பற்றி அப்படிப் பேசியதில்லை. கொஞ்ச நாளில் நீயும் மற்றவர்கள் மாதிரிப் பேச ஆரம்பித்தாய்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. மூலையில் மல்லிகாவை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த கஸ்தூரி தலையைத் தூக்கி, "அண்ணே, வண்டில சத்தம் வருதுன்னு உங்களாண்ட வந்தாரே, இன்னா சொன்னீங்க?" என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "எங்கிட்டயா? அவன் வரவே இல்லியேம்மா" என்றேன். "வந்தேன்னு சொன்னாரே" என்றாள் அவள். உன் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் தம்பி ஓட்டின லட்சணத்துக்கு என் புருஷனை இழுக்கிறியா? ஊரே சொல்லுது, அவன் வேகம்தான் அவனை முழுங்கிச்சின்னு. உனக்கு யார் மேலயாவது பழி போட்டாகணும்" என்றாள். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பேசினாள். கஸ்தூரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நகைக்கடை வீட்டில் அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். வண்டியை நாசம் செய்தவனின் பெண்டாட்டிக்கு அங்கே என்ன இடம்? அவள் ஆதம்பாக்கத்தில் ஓர் அறை எடுத்து, ஜாக்கெட் தைத்துப் பிழைக்க ஆரம்பித்தாள். உன் அம்மா சாகிற வரைக்கும் அவர்கள் இருவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

உன் அம்மா தம்பியின் போட்டோவைப் பெட்டிக்கு அடியில்தான் வைத்திருந்தாள். ஒரு பெண்ணையும் குழந்தையையும் நடுத்தெருவில் விட்டவன் படத்துக்கு மாலை போட மாட்டேன் என்பாள். ஆனால் நான் ஷெட்டுக்குக் கிளம்பிய பிறகு அதை எடுத்துப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். பதினைந்து வயசு வரைக்கும் உன்னைச் சைக்கிளைத் தொட விடவில்லை. கடைசி மாதத்தில் அவளுக்குப் பேச்சு குழறிப்போனது. ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏழுமலை ஏங்க அப்படி ஓட்டினான்? கொழந்தை மொகம் ஞாபகம் வரலியா அவனுக்கு?" என்று கேட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் சொல்லியிருக்கலாம். "தூங்கு" என்றேன். அதற்கப்புறம் பதினோரு நாள் இருந்தாள். பதினோரு நாளும் நான் சொல்லவில்லை. சாவு அன்றைக்குக் கஸ்தூரி நம் தெருமுனை வரைக்கும் வந்து நின்றிருந்தாள். நீ பார்த்தாய். "இவங்க எதுக்கு வந்தாங்க?" என்று என்னிடம் கேட்டாய்.

என்னை யோக்கியன் என்று ஊரில் சொல்வார்கள். நீயும் உன் சிநேகிதர்களிடம் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஷெட்டில் நான் ஒரு ஸ்பிரிங்குக்கும் நெருப்புக் காட்டியதில்லை. யார் எந்தச் சத்தம் என்று வந்தாலும் உடனே கழற்றிப் பார்த்தேன். அதனால்தான் எனக்கு அந்தப் பெயர் வந்தது. இனிமேல் நீ அப்படி யாரிடமும் சொல்லாதே.

உன்னை ரயில் ஏற்றிவிட்டு வந்த மறுவாரம் ஆதம்பாக்கம் போனேன். கஸ்தூரி மிஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். தலைமுடி பாதி வெளுத்துவிட்டது. உட்காரச் சொன்னாள். நெருப்புக் காட்டியது, தண்ணீர் ஊற்றியது, அந்த மத்தியானம், கிரீஸ், காரியத்தன்று சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு தையலை முடித்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தெரியும்ணே. மாமா ஒண்ணுமில்லன்ட்டாருன்னு அன்னிக்கே வந்து சொன்னாரு. அப்புறம் நீங்க அத்தினி பேர் முன்னாடி வரவே இல்லன்னீங்க. அப்பவே புரிஞ்சிடுச்சி."

"ஏம்மா இத்தினி நாளா யாராண்டயும் சொல்லல?"

"சொன்னேனே. அன்னிக்குச் சொன்னேன். யார் கேட்டாங்க?" மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். "அண்ணி உயிரோட இருக்கசொல்ல வந்திருக்கணும் நீங்க. தம்பி மேல தப்பில்லன்னு தெரிஞ்சிக்கினாவது போயிருப்பாங்க."

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "அது உங்க இஷ்டம். அந்தப் புள்ளைக்கு எழுதுங்க. அவன் அவங்க மாமா மேல உசிரா இருந்தான். எழுதி எங்கிட்ட குடுங்க, நான் படிச்சிட்டு அனுப்புறேன். நீங்க ஒண்ணு ரெண்டு விட்டுடுவீங்க" என்றாள். அவள் என்னை நம்பாதது நியாயம்தான். ஸ்டேஷனுக்கு நாளைக்குப் போகிறேன். அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாது. நீ லீவில் வரும்போது முதலில் ஆதம்பாக்கம் போ. அம்மா வைத்திருந்த அந்தப் போட்டோவைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சட்டம் போட்டுவைத்திருக்கிறேன். அதை அத்தையிடம் கொடுப்பதா, நம் வீட்டில் மாட்டுவதா என்று நீ அவளிடமே கேள். எனக்குக் கேட்க வாய் இல்லை.

அன்றைக்குக் கஸ்தூரி வீட்டில் பேசி முடித்து நான் எழுந்திருக்கப் போனேன். "இருங்க. மல்லிகா ஸ்கூல்லேர்ந்து வந்துடுவா. அவளாண்டயும் நீங்களே சொல்லிட்டுப் போங்க. சொந்தக்காரங்க கல்யாணம் காட்சின்னு போனா, ஸ்பீடா ஓட்டிச் செத்தவன் பொண்ணுன்னுதான் அவளைக் காட்டறாங்க" என்றாள் கஸ்தூரி. மல்லிகா வந்தாள். பதினாலு வயசு. ஏழுமலையின் நெற்றி, அவன் பல்வரிசை. பையை வைத்துவிட்டு எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அத்தையிடம் சொன்னதைவிட அவளிடம் சொல்வது கஷ்டமாக இருந்தது. எஞ்சின், எடை மேடை, பாய் சொன்னது, நெருப்பு, எல்லாவற்றையும் அவளுக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் அழவில்லை. நான் முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எங்கப்பா வந்து சொன்னாரே மாமா, அன்னிக்கி அந்த வீலைக் கழட்டிப் பாக்கறதுக்கு எவ்ளோ நேரம் ஆயிருக்கும்?"

"அரை மணி நேரம்மா" என்றேன்.

தலையை ஆட்டினாள். எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு தெருப் பம்புக்குப் போனாள். அவள் திரும்பி வரும்வரை இருந்தேன். வந்தாள், குடத்தை இறக்கி வைத்தாள், என் பக்கம் பார்க்காமல் விளக்கைப் போட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

முடிக்கும்போது ஆசீர்வாதம் என்று எழுதுவது வழக்கம். எழுதக் கை வரவில்லை.

உன் அப்பா